தந்தைக்கு ஒரு காந்தா

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், ஊருக்குப் புறப்படும் நாள் நெருங்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவது வழக்கம். அம்மாவுக்கும் அக்காவுக்கும் வாங்கியாகிவிட்டது. குழந்தைகளுக்கு இனிப்பும் பொம்மையும் பெட்டியில் ஏறிவிட்டன. அப்பாவுக்கு என்ன கொண்டுபோவது? அவரையே கேட்டால், "எனக்கென்ன வேண்டியிருக்கிறது? நீங்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தால் போதும்" என்பார். கடைசியில் அவசரம் அவசரமாக ஒரு சட்டைத் துணியோ கைக்கடிகாரமோ வாங்கிச் செல்வோம். மறு ஆண்டு போய்ப் பார்த்தால், கடைக்காரர் போட்டுக் கொடுத்த உறையோடு அது பீரோவின் மேல்தட்டில் அப்படியே இருக்கும். கொடுத்தே பழகியவர்களுக்குப் பெற்றுக்கொள்வது எளிதில் கைவருவதில்லை.

இந்தக் கேள்விக்கு நாம் குடியிருக்கும் ஊரிலேயே ஒரு விடை இருப்பதைச் சென்ற ஆண்டில்தான் அறிந்துகொண்டோம். வீட்டிலுள்ள பழந்துணிகளைக் கொண்டு, நம் கையாலேயே தைத்து, தந்தைக்கு ஒரு பரிசு செய்து கொடுக்கலாம் என்பதே அந்த விடை. அதைச் செய்யும் முறையையும், அதற்குப் பின்னேயுள்ள பழைய வரலாற்றையும், செய்கையில் நாங்கள் பட்ட இடர்களையும் நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நாம் வசிப்பது கொல்கத்தாவின் தென்மேற்குப் பகுதியிலுள்ள பெஹாலாவில். இந்நகரத்துத் தமிழர் பலருக்கு லேக் மார்க்கெட் சுற்றுவட்டாரமே நன்கு பழகிய இடம். பெஹாலா அதற்கு மேற்கே, டைமண்ட் ஹார்பர் சாலையை ஒட்டி நீண்டு கிடக்கும் பழைய குடியிருப்பு. அதே சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால் தாக்கூர்புகூர் வரும். அதையும் தாண்டினால் ஜோகா. 2022 டிசம்பர் 30ஆம் நாள் ஜோகாவுக்கும் தாராதலாவுக்கும் இடையே மெட்ரோ ரயில் பாதை திறந்துவைக்கப்பட்டபின், பெஹாலாவாசிகளுக்கு ஜோகா சில நிமிடப் பயணமாகிவிட்டது. அந்த ஜோகாவில்தான் பிரதசாரி கிராமம் என்னும் வளாகத்தினுள் குருசதய் அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது.

அங்குள்ள அரும்பொருள்களுள் பெரிதும் பேசப்படுவது, 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தைத்த விரிப்பு. அதைத் தைத்தவர் பெயர் மானதாசுந்தரி தாசி. அக்காலத்துச் சிப்பாய்களின் உருவங்களும் ஐரோப்பியரின் உருவங்களும் அதில் நூலால் வரையப்பட்டிருக்கின்றன. இவ்விரிப்பைத் தம் தந்தைக்காகத் தம் கையாலேயே செய்ததாக அந்த அம்மையார் வங்க எழுத்தில், ஊசியாலேயே பொறித்து வைத்திருக்கிறார். பெண்கள் செய்த வேலைகளில் பெயர் எழுதும் வழக்கம் அரிதாக இருந்த காலத்தில், ஒரு மகள் தன் பெயரையும் தந்தைக்கான காணிக்கையையும் துணியில் எழுதிவைத்தாள். தந்தை எப்படி இருந்தார், அதைப் பெற்றுக்கொண்டபோது என்ன சொன்னார் என்பதற்கெல்லாம் சான்றில்லை. துணி மட்டும் நூறாண்டுக்கு மேலாக நின்று பேசுகிறது.

இதைக் காப்பாற்றி வைத்தவர் குருசதய் தத். 1882ஆம் ஆண்டு சில்ஹெட் மாவட்டத்தில் பிறந்து, ஐ.சி.எஸ். அதிகாரியாக வங்க மாவட்டங்களில் பணியாற்றியவர்; 1932இல் பிரதசாரி இயக்கத்தைத் தொடங்கியவர். பணியின் பொருட்டுக் கிராமங்களுக்குச் சென்றபோதெல்லாம், அங்கே எவரும் கலை என்று எண்ணாத பொருள்களை அவர் தேடிச் சேர்த்தார். படச்சுருள்கள், மரப்பாவைகள், சுடுமண் உருவங்கள், இனிப்பு வார்க்கும் அச்சுகள் ஆகியவற்றோடு, மூதாட்டிகளின் பெட்டிகளில் கிடந்த தைத்த விரிப்புகளும் அவற்றுள் அடங்கும். அவர் 1941இல் மறைந்தார். அவருடைய தொகுப்பைக் கொண்டு இவ்வருங்காட்சியகம் 1963ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2017இல் மத்திய அரசின் மானியம் நின்றபிறகு இந்நிறுவனம் மிகுந்த நெருக்கடிக்கு உள்ளாயிற்று. ஆகவே காணச் செல்வோர் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்னரே விசாரித்துக்கொண்டு செல்வது நலம்.

இத்தகைய விரிப்புக்கு வங்காளத்தில் காந்தா என்று பெயர். உடுத்தி உடுத்தி மென்மையான பழம்புடவைகளையும் வேட்டிகளையும் மூன்று முதல் ஏழு அடுக்குகள் வரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, அவற்றை ஓட்டுத் தையலால் இணைத்துத் தைப்பதே காந்தா. ஊசி மேலும் கீழுமாக ஏறி இறங்கி முன்னே ஓடும் தையலே ஓட்டுத் தையல். தையல் வேலையில் இதைவிட எளியது வேறில்லை. முற்காலத்தில் நூலும் புதிதாக வாங்கப்படவில்லை. பழம்புடவைகளின் கரையிலிருந்தே இழை இழையாக உருவிக்கொண்டார்கள். குளிருக்குப் போர்த்தும் கனத்த காந்தாவுக்கு லேப் என்றும், விருந்தினருக்கு விரிக்கும் அகன்ற காந்தாவுக்குச் சுஜனி என்றும், நூல்களையும் மதிப்புள்ள பொருள்களையும் சுற்றிவைப்பதற்குப் பைதன் என்றும், கண்ணாடியும் சீப்பும் சுருட்டிவைப்பதற்கு ஆர்சிலதா என்றும், மூலைகளை மடித்துத் தைத்த சிறு பைக்குத் துர்ஜனி என்றும் பெயர்கள் வழங்குகின்றன.

ஏழைகளின் சிக்கனத்திலிருந்து பிறந்த இக்கலையை அறிஞர்களும் போற்றினர். கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட புகழ்பெற்ற கதைப்பாடல் தன் பெயரிலேயே காந்தாவைத் தாங்கியது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு பயிற்றுவித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் இதைப்பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார். அவர் சேர்த்த காந்தாக்கள் இன்று அமெரிக்காவில் பிலடெல்பியா கலைக்கூடத்தில் உள்ளன. காந்தா வேலைக்காகத் தென் 24 பர்கனா மாவட்டத்தைச் சேர்ந்த பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆயினும் இந்நாளில் கடைகளில் விற்கும் காந்தாப் புடவைகளில் பெரும்பாலானவை புதுப்பட்டின் மீது ஒற்றை அடுக்கில் செய்யப்படுபவை. தையல் அதே தையல். பழந்துணிதான் அங்கே இல்லை.

இங்கே நேயர்களுள் பலருக்கு ஓர் ஐயம் எழலாம். பெற்ற தந்தைக்குப் பழந்துணியைக் கொடுப்பது முறையாகுமா? எங்களுக்கும் இதே ஐயம் இருந்தது. செய்தியைச் சொன்னதும் ஊரிலிருந்த மூத்த சகோதரி, "அப்பாவுக்குக் கந்தைத் துணியையா கொடுப்பது? நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று கடிந்துகொண்டார். நம் வழக்கில் பெரியோருக்குத் துணி கொடுப்பதென்றால் புதுத்துணி வாங்கி, ஓரத்தில் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கவேண்டும். கந்தை என்ற சொல்லே வறுமையை நினைவூட்டுவது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அந்தச் சொல்லே வழிகாட்டிற்று. நம் கந்தையும் வங்காளியரின் காந்தாவும் ஒரே சொல்வழியில் வந்தவை. வடமொழியில் கந்தா என்பது ஒட்டுப்போட்ட ஆடையைக் குறிக்கும். ஒரே சொல் இங்கே இழிவையும் அங்கே அருமையையும் பெற்றுவிட்டது. எதிர்வீட்டில் வாழும் முதிய வங்காளப் பெண்மணியை நாங்கள் மாசிமா என்றுதான் அழைப்போம். அவரிடம் இந்த ஐயத்தைச் சொன்னபோது, அவர் வியந்தார். பிறக்கப்போகும் குழந்தைக்குப் பாட்டிமார் முதலில் தைப்பது காந்தாதான் என்றும், புதுத்துணி குழந்தையின் மேனியில் குத்தும் என்றும், வீட்டார் உடுத்திய துணியில் கிடத்தினால் கண்ணேறு அணுகாது என்பது பெரியோர் நம்பிக்கை என்றும் சொன்னார்.

எண்ணிப் பார்த்தால் நம் வீடுகளிலும் இதுவே நடைமுறை. பிறந்த குழந்தையை நாமும் பழைய வேட்டித் துண்டில்தான் ஏந்துகிறோம். தூளி கட்டுவது தாயின் பழம்புடவையில்தான். வாழ்வின் தொடக்கத்தில் பொருந்துவது முதுமையில் பொருந்தாமல் போவானேன்? நேயர்கள் வாழும் பிற மாநிலங்களிலும் இவ்வழக்கம் உண்டு. பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி, கர்நாடகத்தில் கௌதி என்று பெயர்கள் வேறுபடினும், பழந்துணிகளை அடுக்கிக் கையால் தைக்கும் முறை ஒன்றே. அண்டைவீட்டு மூதாட்டியைக் கேட்டால் உங்கள் ஊர் முறையைச் சொல்லிக்கொடுப்பார்.

இனி எங்கள் வீட்டு நிலையைச் சிறிது கூறவேண்டும். தாயார் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பட்டுப்புடவைகளை வழக்கப்படி பெண்கள் பகிர்ந்துகொண்டனர். அன்றாடம் உடுத்திய பருத்திப் புடவைகளை எவரும் கேட்கவில்லை. தந்தையாரோ அவற்றை எவருக்கும் கொடுக்கவும் விடவில்லை. பெட்டியில் கிடந்தவற்றுள் மூன்றை நாங்கள் பெஹாலாவுக்கு எடுத்து வந்திருந்தோம். பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் இங்கே தெருத்தெருவாக வருவதுண்டு. சென்ற ஆண்டு வீடு மாற்றும்போது கழித்த மூட்டையில் அந்தப் புடவைகளும் சேர்ந்துவிட்டன. இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களுக்கு அவை கைமாற இருந்த வேளையில், மூட்டையின் வாயில் தெரிந்த அரக்கு நிறச் சுங்குடியின் மஞ்சள் கரை கண்ணில் பட்டது. மூட்டையைத் திரும்ப வாங்கி வைத்தோம்.

தந்தையாருக்கு இவ்வாண்டு எண்பது நிறைந்தது. சதாபிஷேகம் செய்யலாமா என்று கேட்டதற்கு, "அவள் இல்லாமல் எனக்கு என்ன சதாபிஷேகம்?" என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். ஓய்வூதியப் புத்தகம், வங்கிப் புத்தகம், நிலத்தின் பட்டா, வீட்டு வரி ரசீதுகள் எல்லாவற்றையும் அவர் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தலையணைக்கடியில் வைத்திருப்பது வழக்கம். அவற்றைச் சுற்றிவைக்க, தாயாரின் புடவையாலும் அவருடைய பழைய வேட்டியாலும் ஒரு துர்ஜனி தைத்துக் கொடுப்பதென்று முடிவு செய்தோம். மாசிமா ஆசிரியையாக அமைந்தார்.

முதற்படி துணியைத் தேர்ந்தெடுப்பது. பலமுறை துவைத்த பருத்தித்துணியே ஏற்றது. செயற்கை இழை கலந்த துணி ஊசிக்கு இசைந்து கொடுக்காது. பருத்தியோடு சேர்ந்து சுருங்கவும் செய்யாது. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இரு கைகளாலும் மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும். இழுத்தவுடன் கிழியும் பகுதிகளைத் தள்ளிவிடலாம். நைந்தும் கிழியாத பகுதிகளை நடு அடுக்குக்கு வைத்துக்கொள்ளலாம். மேலும் கீழும் வருவது ஓரளவு வலுவுள்ளதாக இருக்கவேண்டும். மேலடுக்குக்கு வெள்ளை வேட்டி மிகப் பொருத்தம். தையல் அதன்மேல் நன்றாக எடுத்துக் காட்டும்.

இரண்டாவது, சாயத்தைச் சோதிப்பது. இந்தப் படியை நாங்கள் தாண்டிச் சென்றுவிட்டோம். அதன் பயனாக, முதலில் தைத்த துண்டைத் துவைத்தபோது சுங்குடியின் அரக்குச் சாயம் வேட்டியில் பரவி, இரு வாரத்து வேலையும் வீணாயிற்று. கடையில் வாங்கிய துணியானால் வேறு வாங்கிக்கொள்ளலாம். இது திரும்பக் கிடைக்கக்கூடியதன்று. ஆகவே நேயர்கள் முதலில் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, வண்ணப் புடவையின் மூலையில் அழுத்தித் தேய்த்துப் பார்க்கவேண்டும். நிறம் ஒட்டினால், புடவையை வெந்நீரில் ஊறவைத்து, அலசும் நீர் தெளியும்வரை பலமுறை அலசவேண்டும். அப்பொழுதும் நில்லாவிடில், அத்துணியை வெள்ளையோடு சேர்க்கலாகாது. கஞ்சிப் பசையும் முற்றும் நீங்கவேண்டும். பின்பு நிழலில் உலர்த்தி, பெட்டி போட்டு வைத்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, துணியை அளவாக்குவது. கத்தரிக்கோலால் ஓரத்தில் சிறிது வெட்டிவிட்டுக் கையால் கிழித்தால், துணி இழை பிடித்து நேராகக் கிழியும். இருபது அங்குலச் சதுரமாக நான்கு துண்டுகள் எடுத்துக்கொள்ளவேண்டும். எங்கள் காந்தாவில் மேலும் கீழும் தந்தையாரின் வேட்டி. நடுவில் இரண்டு அடுக்கு தாயாரின் சுங்குடி. வேட்டி நைந்து மெலிந்திருந்தமையால், உள்ளேயிருந்த அரக்கு நிறம் வெளியே மங்கலாகத் தெரிந்தது.

நான்காவது, அடுக்குவது. தரையைத் துடைத்து, அடித்துண்டை விரித்து, நான்கு மூலைகளிலும் கனமான டம்ளர்களை வைத்து, ஒவ்வோர் அடுக்காகப் பரப்பவேண்டும். ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் நீவிவிடவேண்டும். உள்ளே ஒரு மடிப்பு நின்றுவிட்டாலும் பின்னால் அதைச் சரிசெய்ய முடியாது. அதன்பின் நடுவிலிருந்து மூலைகளுக்கும் பக்கங்களுக்கும் நீண்ட தையல்களாக இழையோட்டி வைக்கவேண்டும். இது தற்காலிகத் தையல். வேலை முடிந்ததும் உருவிவிடலாம். ஓரங்களை ஓர் அங்குலம் உட்புறம் மடித்துச் சுற்றிலும் தைத்துவிட்டால், பதினெட்டு அங்குலச் சதுரம் ஒன்று அமையும்.

ஐந்தாவது, சித்திரம். வங்காளத்துக் காந்தாவில் நடுவே விரிந்த தாமரையும், நான்கு மூலைகளில் மரமோ கொடியோ இருப்பது மரபு. சிறிய தட்டை வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டு, உள்ளே இதழ்களைப் பிரித்தால் தாமரை எளிதில் வந்துவிடும். சித்திரம் எழுத வராதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. நம் வாசற் புள்ளிக்கோலம் ஒன்றை நடுவே வரைந்தால் அழகாகவே இருக்கும். மூலைகளில் தந்தையின் வாழ்க்கையோடு ஒட்டிய பொருள்களை வரையலாம். மானதாசுந்தரி தம் காலத்தில் கண்ட சிப்பாய்களை வரைந்தார். நாங்கள் மிதிவண்டி, கிணறு, மூக்குக் கண்ணாடி, தென்னை ஆகிய நான்கையும் வரைந்தோம். மிதிவண்டியின் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று அளவில் ஒத்துவரவில்லை, அப்படியே விட்டுவிட்டோம்.

ஆறாவது, நூல். பருத்திக்கரையின் ஓரத்தைச் சற்றுப் பிரித்தால், நீளவாட்டில் வண்ண இழைகளை ஒவ்வொன்றாக உருவலாம். இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிக்கொள்ளவேண்டும். ஒரு முழத்திற்கு மேல் நீளம் வேண்டா. நீண்டால் சிக்கும், பழைய நூல் அறுபடும். ஜரிகை இதற்கு உதவாது. உருவிய நூல் நிற்காவிட்டால், கடையில் விற்கும் பூத்தையல் நூலில் இரண்டு இழை எடுத்துக்கொள்வதில் தவறொன்றுமில்லை. எங்களுக்கு மஞ்சள் கரையிலிருந்து தாமரைக்கு மட்டுமே நூல் தேறிற்று. மற்றவற்றுக்குக் கடை நூலே கைகொடுத்தது.

ஏழாவது, தையல். முதலில் சித்திரங்களின் எல்லைக்கோடுகளையும், பின்பு அவற்றின் உட்பகுதியையும், இறுதியில் எஞ்சிய வெண்ணிலத்தையும் தைக்கவேண்டும். வெண்ணிலத்தில் கால் அங்குல இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போகும். முதல் வரிசையில் இடைவெளி விழும் இடத்தில் அடுத்த வரிசையின் தையல் விழுமாறு பார்த்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு தையலும் அடுக்குகளைச் சிறிதே உள்வாங்குவதால், துணியின் மேற்பரப்பில் நீரலை போன்ற நெளிவு தோன்றும். காந்தாவின் அழகே அந்நெளிவுதான். நூலை இறுக்கி இழுத்தால் அலை சுருக்கமாகிவிடும். ஊசி எல்லா அடுக்குகளையும் துளைத்து அடியில் வருகிறதா என்பதை அடிக்கடி திருப்பிப் பார்க்கவேண்டும். நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில், எங்களுக்கு ஆறு வாரம் ஆயிற்று. வீட்டில் ஆண், பெண், குழந்தை எல்லாருமே ஊசி பிடித்தோம். எவருடைய வரிசை எது என்பது கோணலைக் கொண்டே தெரியும்.

எட்டாவது, பையாக மடிப்பது. சதுரத்தின் மூன்று மூலைகளை நடுவுக்குக் கொண்டுவந்து, அவை சந்திக்கும் ஓரங்களை நெருக்கமாகத் தைத்துவிடவேண்டும். நான்காவது மூலை தபால் உறையின் மூடிபோல் மேலே கவியும். அதன் நுனியில் புடவைக்கரையை முறுக்கிச் செய்த கயிறொன்றைத் தைத்துவிட்டால் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். பதினெட்டு அங்குலச் சதுரம் இவ்வாறு மடிந்தால் ஏறக்குறைய பன்னிரண்டரை அங்குலச் சதுரப் பையாகும். வங்கிப் புத்தகமும் ரசீதுகளும் தாராளமாக அடங்கும். மடிக்குமுன் உட்புறத்தில் செய்தவர் பெயரையும் ஆண்டையும் தைத்துவைக்க மறக்கலாகாது. எவர் செய்தது, எவருக்காகச் செய்தது என்ற இரண்டையும் எழுதிவைத்ததனால்தான் மானதாசுந்தரியை இன்று நாம் அறிகிறோம்.

ஊசி பிடிக்க இயலாத சிறுவர்கள் உள்ள வீட்டில், நம் பாட்டிமார் செய்த காகிதக்கூழ்க் கிண்ணத்தைச் செய்யச் சொல்லலாம். பழைய செய்தித்தாள்களைத் துண்டு துண்டாகக் கிழித்து, இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைத்துப் பிழிந்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து வெண்ணெய்போல் அரைக்கவேண்டும். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணி போர்த்தி, கூழைச் சமகனமாக அப்பி வெயிலில் உலர்த்தினால், கழற்றியெடுக்கும்போது உறுதியான கிண்ணம் கிடைக்கும். வெந்தயம் கூழை இறுகப் பற்றவைக்கும். தந்தையின் மூக்குக் கண்ணாடியும் சாவியும் சில்லறையும் வைக்க அது பயன்படும். வங்காளத்து மழைக்காலத்தில் மட்டும் இதைத் தொடங்கவேண்டா. உலராமல் பூசணம் பூத்துவிடும்.

காந்தாவை எடுத்துக்கொண்டு இவ்வாண்டு மன்னார்குடிக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்துக்குச் சென்றோம். பகலுணவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்திருந்த தந்தையாரிடம் அதைக் கொடுத்தோம். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மிதிவண்டியைப் பார்த்துச் சிரித்தார். பின்பு துணியை விரலால் தடவினார். மூடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "இது அந்தச் சுங்குடியா?" என்றார். ஆம் என்றோம். "கிழித்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நாங்கள் ஆயத்தமாக இருக்கவில்லை. கிழித்துத்தான் தைத்தோம் என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூத்த சகோதரி உள்ளிருந்து எங்களைப் பார்த்த பார்வைக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. இதிலிருந்து நாம் கற்றுக்கொண்டதை நேயர்களுக்குச் சொல்லவேண்டும். மறைந்தவர்களின் துணியானால், கத்தரிக்கோலை எடுக்குமுன் உரியவரைக் கேட்டுவிடவேண்டும். பரிசு எதிர்பாராமல் வரவேண்டும் என்ற ஆசையால் நாங்கள் கேட்காமல் இருந்துவிட்டோம். கேட்டிருந்தால், எந்தப் புடவையைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவரே எடுத்துக் கொடுத்திருப்பார். அதுவே பரிசின் பாதியாக அமைந்திருக்கும்.

மறுநாள் காலையில் காப்பி கொண்டுபோனபோது, காந்தா அவருடைய தலையணைக்கடியில் இருந்தது. கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. உள்ளே பழைய பிளாஸ்டிக் பையையும் அப்படியே வைத்திருந்தார். "மழைக்காலத்தில் காகிதம் நனைந்துவிடும் பார்" என்று காரணமும் சொன்னார். அந்தச் சுங்குடி மதுரையில் வாங்கியது என்றும், அன்று கோயிலில் கூட்டம் மிகுந்திருந்தது என்றும், நீங்கள் எல்லாரும் சிறுபிள்ளைகள் என்றும், கேட்காமலே சொல்லத் தொடங்கினார். மூன்று ஆண்டுகளாகத் தாயாரைப் பற்றி அவ்வளவு நேரம் அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

சுங்குடியில் இன்னும் இரண்டு முழம் மிஞ்சியிருக்கிறது. இப்பொழுது அதை மூத்த சகோதரி கேட்கிறார். தந்தையாரின் ஒப்புதலைப் பெற்றபின் அனுப்பிவைப்போம். நேயர்களே, மாற்றல் உத்தரவு வந்து வீடு காலிசெய்யும் நாளிலோ, பாத்திரக்காரி வாசலில் வந்து குரல் கொடுக்கும் நாளிலோ, பழந்துணி மூட்டையைக் கட்டிக் கொடுக்குமுன் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். ஊரிலிருக்கும் தந்தைக்குக் கொண்டுபோக வேண்டியது அதனுள்ளேயே இருக்கக்கூடும்.